சண்டை எங்கே தொடங்குகிறது என்று பசங்களைக் கேளுங்கள்

2023 ஆகஸ்ட் 9 அன்று இரவு, நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவனை அவனுடைய பள்ளியில் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் பாய்ந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அடுத்த சில வாரங்களில் எங்கள் பக்கத்துப் பள்ளிகள் மூன்றில் நல்லிணக்கக் கூட்டம் நடந்தது. மூன்றுக்கும் நான் போயிருந்தேன். மேடையில் ஏழெட்டுப் பெரியவர்கள், ஆளுக்கொரு சால்வை, ஆளுக்குப் பத்து நிமிடப் பேச்சு. கீழே மண்ணில் சம்மணம் போட்டு நானூறு ஐந்நூறு பிள்ளைகள். மைக் ஒரு பிள்ளையின் கைக்கும் போகவில்லை. மூன்றாவது கூட்டம் முடிந்து வெளியே வரும்போது ஒரு பத்தாம் வகுப்புப் பையன் தன் கூட்டாளியிடம் சொன்னது காதில் விழுந்தது: “இவங்க யாராவது நாலே கால் பஸ்ஸுல ஏறிப் பாத்திருக்காங்களால?”

மறுநாள் ஏறிப் பார்த்தேன். இருபது நிமிடப் பயணத்தில் மூன்று முறை கைகலப்பு வரை போனது. அதில் ஒன்றுகூடப் பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் இருக்காது.

ஆசிரியராகவோ, நூலக வாசகர் வட்டத்துக்காரராகவோ, நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராகவோ, ஊரில் ஒரு அண்ணனாகவோ, அக்காவாகவோ, பசங்களோடு உட்கார்ந்து சண்டைகளைத் தடுக்கும் வேலையைப் புதிதாகத் தொடங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பசங்க சாதியாகப் பிரிந்து நிற்கிற தென்மாவட்டத்துக் கிராமப் பள்ளிகளை வைத்துத்தான் நான் சொல்கிறேன். உங்கள் ஊரில் சாதிக்குப் பதில் ஏரியா, ரூட்டு, கல்லூரி என்று வேறு ஏதாவது இருக்கலாம். ஆனால் எந்தச் சண்டை எங்கே, எத்தனை மணிக்கு, எதனால் மூளும் என்பது எல்லா ஊரிலும் பசங்களுக்குத்தான் தெரியும். அதை அவர்களிடமே கேட்டு, அவர்கள் சொல்லும் வழிகளில் ஒன்றையாவது சீக்கிரம் நடத்திக் காட்ட வேண்டும். வேலை அவ்வளவுதான், ஆனால் செய்வது லேசில்லை.

முதலில் நீங்கள் யார் என்று பாருங்கள்

நீங்கள் பேச ஆரம்பிப்பதற்கு முன்பே பசங்க உங்களைப் பற்றிக் கண்டுபிடித்துவிடுவார்கள். “சாருக்கு எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?” என்று கேட்பார்கள். அப்பா பெயரைக் கேட்பார்கள். ஊருக்குள் வந்தால் யார் வீட்டுத் திண்ணையில் உட்காருகிறீர்கள், எந்தக் கடையில் டீ குடிக்கிறீர்கள் என்பதையெல்லாம் கவனிப்பார்கள். இதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் தங்கள் பாதுகாப்புக்காகச் செய்கிற விசாரணை அது.

அதனால் இந்த வேலையைத் தனி ஆளாகத் தொடங்க வேண்டாம். எதிர்ப்பக்கம் என்று ஊர் நினைக்கிற பக்கத்திலிருந்து ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் தொடங்கியபோது அங்கன்வாடியில் வேலை பார்த்த ஒரு அக்கா கூட வந்தார். நாங்கள் இருவரும் எல்லாத் தெருக்களுக்கும் சேர்ந்தே போனோம், எல்லா வீட்டிலும் தண்ணீர் வாங்கிக் குடித்தோம். நாங்கள் பேசிய எதையும்விட அது முன்னால் போய்ச் சேர்ந்தது.

யாரைக் கூப்பிடுவது

புதிதாக வருபவர்கள் எல்லோரும் ஒரு இடத்தில் சறுக்குவார்கள். தலைமை ஆசிரியரிடம் “நல்ல பசங்களாகப் பத்துப் பேர் கொடுங்கள் சார்” என்று கேட்பார்கள். அவரும் வகுப்புத் தலைவர்கள், முதல் மதிப்பெண் பிள்ளைகள் என்று பத்துப் பேரை அனுப்புவார். அந்தப் பத்துப் பேர் எந்தச் சண்டையிலும் இருக்க மாட்டார்கள். அவர்களிடம் சண்டையைப் பற்றிக் கேட்டால் திருக்குறள்தான் சொல்வார்கள்.

உங்களுக்கு வேண்டியவர்கள் வேறு. அடிக்கிறவன், அடி வாங்குகிறவன், பக்கத்தில் நின்று செல்போனில் படம் எடுக்கிறவன், அந்தப் படத்தை நாலு குரூப்பில் போடுகிறவன். பிளஸ் ஒன்னில் படிப்பை நிறுத்திவிட்டுப் பேருந்து நிறுத்தத்தில் பைக்கோடு நிற்கிற பையன் ரொம்ப முக்கியம், ஏனென்றால் பள்ளிக்குள் நடக்கிற பாதிச் சண்டையின் கயிறு அவன் கையில் இருக்கும். பெண் பிள்ளைகள் கட்டாயம் வேண்டும். “பொம்பளப் பிள்ளைகளுக்கு இதுல என்ன” என்று யாராவது சொன்னால் விட்டுக்கொடுக்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்க வேண்டாம்.

கெத்துக் காட்டுகிற பையனைச் சேர்த்தால் குழு கெட்டுவிடும் என்று ஆசிரியர்கள் பயப்படுவார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் சென்னையைப் பாருங்கள். அங்கே கல்லூரி மாணவர்கள் வருகிற ஒவ்வொரு பேருந்துத் தடத்துக்கும் ‘ரூட்டு தல’ என்று ஒரு தலைவன் உண்டு. மாணவர்கள் பேருந்தையே பிடித்து ஊர்வலம் விடுகிற பஸ் டே கொண்டாட்டத்துக்கு உயர் நீதிமன்றம் தடை போட்டது. போலீஸ் மாணவர்களைக் கூப்பிட்டு நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கியது. அதற்குப் பிறகும் 2024 அக்டோபரில் சென்ட்ரல் பக்கத்தில் தாக்கப்பட்ட ஒரு கல்லூரி மாணவர் இறந்துபோனார். ஐம்பது பேரை ஒரே பேருந்துக்காக ஒரே நேரத்தில் ஒரு நிறுத்தத்தில் நிற்க வைக்கத் தெரிந்த பையனுக்கு, அதே ஐம்பது பேரைக் கலைந்து போக வைக்கவும் தெரியும். இதுவரைக்கும் அவனிடம் அந்த வேலையை யாரும் கேட்டதில்லை.

அனுமதியும் சட்டமும்

18 வயது ஆகாத பிள்ளை என்றால் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாமல் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். தலைமை ஆசிரியருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் தெரியாமல் எதுவும் செய்யாதீர்கள். அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள். கல்வி உரிமைச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. பிறகு ஒரு முடிவை நிறைவேற்ற வேண்டிவரும்போது இவர்கள்தான் உங்களுக்குக் கைகொடுப்பார்கள்.

இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன் 74-ஆம் பிரிவுப்படி, வழக்கில் சம்பந்தப்பட்ட குழந்தையின் பெயர், முகம், பள்ளி, முகவரி எதையும் வெளியே சொல்லக் கூடாது. அடிபட்ட பிள்ளைக்கும் அடித்த பிள்ளைக்கும் இது பொருந்தும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இல்லையென்றால் இரண்டும். ஆகவே கூட்டத்தில் போட்டோ எடுத்து முகநூலில் போடும் பழக்கம் இருந்தால் முதல் நாளே அதை விட்டுவிடுங்கள். பாலியல் கொடுமை பற்றி ஒரு பிள்ளை உங்களிடம் சொல்லிவிட்டால், போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

முதல் சந்திப்பிலேயே பசங்களிடம் இதை நேராகச் சொல்லிவிடுங்கள்: “இங்க பேசுறது இங்கேயே இருக்கும். ஆனா ஒருத்தர் உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா, ஒரு பிள்ளைக்குக் கொடுமை நடக்குதுன்னு தெரிஞ்சா, நான் சும்மா இருக்க மாட்டேன். யார்கிட்ட சொல்லப் போறேன்னு உங்ககிட்ட முதல்ல சொல்லிட்டுத்தான் போவேன்.” அதைக் கேட்டு இரண்டு பேர் எழுந்து போய்விட்டாலும் பரவாயில்லை. இதை ஒளித்து வைத்தால் பின்னால் பெரிய துரோகமாகிவிடும்.

குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வி உதவி எண் 14417, மனநல உதவிக்கு 14416. இந்த மூன்றையும் முதல் நாளே எல்லோருடைய நோட்டிலும் எழுத வையுங்கள்.

இடம்

கோயில் மண்டபம் வேண்டாம், சாதிச் சங்கக் கட்டடம் வேண்டவே வேண்டாம். ஊர் நூலகமும் சில ஊர்களில் ஒரு தெருவுக்குள் இருக்கும், அந்தத் தெருவைத் தாண்டி வரச் சில பிள்ளைகள் பயப்படுவார்கள். நாங்கள் பள்ளியின் சைக்கிள் ஷெட்டில் உட்கார்ந்தோம். சனிக்கிழமை மதியம் காலியாக இருக்கும். நாற்காலி போடவில்லை. எல்லோரும் தரையில், வட்டமாக. நீங்களும் தரையில்தான்.

சுண்டலோ கடலை மிட்டாயோ கொண்டுபோங்கள். பசியோடு வருகிற பிள்ளை பேசாது.

வரைபடம் போடுங்கள்

முதல் இரண்டு சந்திப்பில் வன்முறை என்ற சொல்லையே எடுக்காதீர்கள். பெயர்கள், படித்த கதை, பிடித்த வேலை, ஊரில் பிடித்த இடம் என்று போகட்டும். மூன்றாவது சந்திப்பில் வரைபடம். இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மீதி எல்லாம் இதிலிருந்துதான் வரும்.

சாக்பீஸை ஒரு பையன் கையில் கொடுத்து, பள்ளியிலிருந்து வீடு வரை வழியைத் தரையில் வரையச் சொன்னேன். அவன் ரோட்டைப் போட்டான். இன்னொருத்தன் “ஏல, வாட்டர் டேங்க்க விட்டுட்டியே” என்று வாங்கி டேங்கை வரைந்தான். அரை மணி நேரத்தில் பள்ளிக் கேட், டீக்கடை, பேருந்து நிறுத்தம், கழிப்பறைப் பின்சுவர், ஓடைப் பாலத்துக் கட்டை, ட்யூஷன் சந்து, எங்கள் ஊர் நுழைவு வளைவு எல்லாம் வந்துவிட்டன. அப்புறம் ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டை கொடுத்தோம். “சண்டை ஆரம்பிக்கிற இடத்துல, இல்ல உங்களுக்குப் பயமா இருக்கிற இடத்துல வையுங்க. யார்னு சொல்ல வேண்டாம். எங்கன்னு மட்டும்.”

எட்டுப் பையன்கள், மூன்று பெண் பிள்ளைகள். மொத்தம் 55 கொட்டை. ஊர் வளைவுக்குப் பக்கத்தில்தான் குவியும் என்று நான் நினைத்திருந்தேன், ஏனென்றால் பெரியவர்கள் சண்டை போட்டது அந்த வளைவுக்காகத்தான். அங்கே விழுந்தது இரண்டே இரண்டு. கழிப்பறைச் சுவரில் எட்டு, ட்யூஷன் சந்தில் நாலு. பேருந்து நிறுத்தத்திலும் பேருந்திலும் சேர்த்து 31. மீதி பத்து ஓடைப் பாலத்துக் கட்டையில் இருந்தது. அந்தப் பத்தையும் வைத்தது மூன்று பெண் பிள்ளைகள். பைக்கில் வந்து பையன்கள் உட்காருகிற இடம் அது. எட்டுப் பையன்களில் ஒருவனுக்கும் அந்த இடம் ஒரு பிரச்சினையாகவே தோன்றியிருக்கவில்லை. அவர்கள் அந்தப் பத்துக் கொட்டையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, ஏன் பஸ்? அதையும் அவர்களிடமே கேட்டோம்.

“மூணு ஊருக்கும் ஒரே பஸ் அண்ணே. நாலே காலுக்கு விட்டா ஆறு மணிதான். ஜன்னல் வழியா பையப் போட்டு சீட்டுப் பிடிப்போம். நம்ம பைய ஒருத்தன் தூக்கி வெளிய எறிஞ்சா என்ன செய்ய? எறிஞ்சது சீட்டுக்குத்தான். ஆனா மறுநாளைக்கு அது ஊர்ச்சண்டை ஆயிரும்.”

ஒரு மேடையிலும் எந்தப் பெரியவரும் சொல்லாத காரணம் இது. சாதி இல்லை என்று இதற்கு அர்த்தமல்ல. மூன்று ஊர்ப் பிள்ளைகள் தனித்தனித் தெருவாக, சாதிக்கொரு நிறமாகக் கையில் கட்டும் தனித்தனிக் கயிறாகப் பிரிந்து நிற்பதால்தான் ஒரு பை எறிவது இவ்வளவு தூரம் போகிறது. ஆனால் தீக்குச்சி உரசப்படுகிற இடம் அந்த ஜன்னல்.

பின்னோக்கி நடத்துங்கள்

அடுத்த சந்திப்பில், ஏற்கெனவே முடிந்துபோன ஒரு சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தது ஆறு மாதமாவது பழையதாக இருக்க வேண்டும், போலீஸ் வழக்கில் இருப்பதாக இருக்கக் கூடாது. பெயர்களுக்குப் பதில் ‘முதல் பையன்’, ‘ரெண்டாவது பையன்’. கடைசி அடியிலிருந்து தொடங்கி, “இதுக்கு முன்னால என்ன?” “அதுக்கு முன்னால?” என்று பின்னால் போய்க்கொண்டே இருங்கள். ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதித் தரையில் வரிசையாக வைக்கலாம்.

எங்கள் குழு எடுத்த சண்டையில் தாள் வரிசை இப்படி வந்தது. வியாழன் மாலை, பை வெளியே விழுந்தது. அன்று இரவு ஒருவன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மீசை முறுக்கும் படமும் பாட்டும் வைத்தான். வெள்ளிக்கிழமை அதை யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து, திருப்பூரில் வேலை பார்க்கும் அண்ணனுக்கு அனுப்பினார்கள். சனிக்கிழமை அண்ணன் போன் போட்டு, “நம்ம பேரக் காப்பாத்த மாட்டியா?” என்று கேட்டான். ஞாயிறு கோயில் கொடைத் திருவிழாவில் ஒரு பைக் உரசல். திங்கட்கிழமை இடைவேளையில், கழிப்பறைப் பின்சுவர்.

சண்டை நடந்தது இரண்டு நிமிடம், அது தயாராக நாலு நாள் ஆகியிருக்கிறது. “இதுல எந்த இடத்துல நிப்பாட்டியிருக்கலாம்?” என்று கேட்டபோது, பதினைந்து வயதுப் பையன் ஒருவன் வெள்ளிக்கிழமைத் தாளைத் தொட்டான். “காலையிலேயே யாராவது அவன்கிட்ட போயி, பைய எறிஞ்சது தப்புதான், விடுல-ன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்.” யார் போயிருக்க முடியும்? பையை எறிந்தவனின் கூட்டாளியாகவும் இருக்க வேண்டும், அடுத்த பக்கம் நடந்து போகவும் தைரியம் வேண்டும். அப்படிப்பட்ட இரண்டு பேர் அந்த வட்டத்திலேயே இருந்தார்கள். எல்லோரும் அவர்களைப் பார்த்தார்கள்.

இதே எண்ணத்தைப் பெரிய அளவில் செய்த ஊர் அமெரிக்காவின் சிகாகோ. காசநோய், காலரா, எய்ட்ஸ் தடுப்பில் வேலை செய்த மருத்துவர் கேரி ஸ்லட்கின், வன்முறையும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது என்று சொல்லி, 2000-ஆம் ஆண்டில் வெஸ்ட் கார்ஃபீல்ட் பார்க் பகுதியில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். பழிக்குப் பழி என்று கிளம்புகிறவனை வழிமறித்துப் பேசுவதுதான் அதன் உயிர்நாடி. ஆனால் கவனியுங்கள், அங்கே வழிமறித்தவர்கள் அந்தத் தெருவிலேயே வளர்ந்து, அந்த வாழ்க்கையைப் பார்த்து, அதிலிருந்து வெளியே வந்த பெரியவர்கள். பயிற்சியும் சம்பளமும் பெற்றவர்கள். நம் பள்ளிப் பிள்ளைகளை அந்த வேலைக்கு அனுப்பக் கூடாது.

எல்லை எங்கே என்பதை எழுதியே வைத்துவிடுங்கள். வார்த்தையில் இருக்கிற வரை பசங்க போகலாம், பேசலாம். கட்டையோ கத்தியோ எடுத்ததாகத் தெரிந்தால், வெளியாட்கள் வருவதாகத் தெரிந்தால், அதற்குப் பிறகு பிள்ளைகளின் வேலை ஒன்றே ஒன்றுதான்: பொறுப்பில் இருக்கும் பெரியவருக்குப் போன் செய்துவிட்டு அந்த இடத்தை விட்டுப் போவது. போலீஸை அழைப்பது பெரியவரின் பொறுப்பு.

இன்னொன்றும் உண்டு. நாங்குநேரி மாணவன், தன்னைத் துன்புறுத்துகிறவர்கள் யார் என்று பள்ளியில் சொன்ன பிறகுதான் தாக்கப்பட்டான். ஒரு பிள்ளையை வாய் திறக்க வைத்துவிட்டு அவனை அன்று மாலை தனியாக வீட்டுக்கு அனுப்புவது, எதுவும் கேட்காமல் இருப்பதைவிடக் கொடுமை. யாராவது பெயர் சொல்லிப் புகார் செய்தால், அந்தப் பிள்ளை எப்படி வீடு போகும், வீட்டில் யார் இருப்பார்கள், இரவு யார் போன் எடுப்பார்கள் என்று முடிவு செய்த பிறகே அடுத்த அடி. குழுவில் யாரையும் ஆள்காட்டியாக ஆக்கிவிடாதீர்கள். போலீஸ்காரர் ஒருவர் அன்பாகவே வந்து “உங்க பசங்க கொஞ்சம் தகவல் குடுத்தா நல்லாருக்கும்” என்று கேட்பார். மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

கைக்கயிறு பேச்சு வரும்

தென்மாவட்டத்தில் இதைத் தவிர்க்க முடியாது. கையில் கட்டும் கயிற்றின் நிறத்தை வைத்தே யார் எந்தச் சாதி என்று தெரிந்துகொள்கிறார்கள். 2019-லேயே பள்ளிக் கல்வித் துறை இதைத் தடுக்கச் சுற்றறிக்கை விட்டது, எதிர்ப்பு வந்தது, அப்படியே நின்றுபோனது. 2022-ல் திருநெல்வேலி மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் கயிற்றைக் காரணமாக வைத்து வந்த சண்டையில் ஒரு பிளஸ் டூ மாணவன் இறந்தே போனான். நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிக்குள் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி வேண்டாம் என்றும், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை எடுக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. எல்லாத் தரப்பு மாணவர்களையும் கொண்ட சமூக நீதி மாணவர் படை ஒன்றையும் அது பரிந்துரைத்தது.

கயிறு வேண்டாம் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. ஆனால் தடை மட்டும் எவ்வளவு தூரம் போகும் என்று பசங்களைக் கேளுங்கள். எங்கள் குழுவில் ஒருத்தன் தன் கயிற்றைக் காட்டிச் சொன்னான்: “இத நான் கட்டல. கொடையில எங்க மாமா கட்டிவிட்டாரு. அவுத்தா வீட்ல அடி விழும், அவுக்காட்டி ஸ்கூல்ல அடி விழும்.” அந்தக் கயிற்றுக்குப் பின்னால் கட்டிவிட்ட ஒரு பெரியவர் இருக்கிறார், ஃபிளெக்ஸ் போர்டுக்குக் காசு கொடுக்கிறவர் இருக்கிறார், பையனை வண்டியில் ஏற்றி ஊர்வலத்துக்குக் கூட்டிப் போகிறவர் இருக்கிறார். அந்தப் பேச்சைப் பையனிடம் நடத்திப் பயனில்லை. நாங்கள் மாமாக்களிடம் போனோம். ஐந்து வீட்டில் இரண்டு வீட்டில் ஒத்துக்கொண்டார்கள். “ஸ்கூல் இருக்கிற நாள்ல வேண்டாம்” என்ற அளவில்தான். அதுவே அந்த இரண்டு பையன்களுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

தீர்வைத் தேர்ந்தெடுப்பது

பசங்க இருபது யோசனை சொல்வார்கள். நாங்கள் மூன்று கேள்வி வைத்தோம்: ஒரு மாதத்துக்குள் தொடங்க முடியுமா? நாமே செய்ய முடியுமா, இல்லை ஒரே ஒரு பெரியவரின் சம்மதம் போதுமா? இதனால் யாராவது புதிதாக மாட்டிக்கொள்வார்களா? இதில் தேறுவது இரண்டோ மூன்றோதான். அதில் எதை எடுப்பது என்று அவர்களே கை தூக்கட்டும். உங்களுக்குப் பிடித்த யோசனை தோற்றால் தோற்கட்டும்.

எங்கள் குழு பேருந்தை எடுத்தது. ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முதலில் ஏறுவது, ஜன்னல் வழியாகப் பை போடுவதில்லை என்று ஒரு ஏற்பாடு. அதை நடத்த மூன்று ஊரிலிருந்தும் ஒவ்வொரு பெரிய பையன் வாசலில் நின்றான். அதில் ஒருவன்தான் முன்பு பைகளை வெளியே எறிந்த பையன். நடத்துநரிடம் அவர்களே போய்ப் பேசினார்கள். “இதத்தான் நான் பத்து வருசமா கத்திக்கிட்டு இருக்கேன்” என்று அவர் சொன்னாராம். அதோடு தங்கள் கையெழுத்திலேயே மனு எழுதி, ஒரு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தார்கள். நான் கூடப் போனேன், ஆனால் பேசவில்லை. இன்னொரு பேருந்து கிடைக்கவில்லை. நாலு மாதம் கழித்து ஆறு மணி வண்டியை ஐந்து மணிக்கு மாற்றினார்கள். ‘இதை விட்டால் ஆறு மணிதான்’ என்ற பதற்றம் குறைந்ததுமே பாதி நெரிசல் குறைந்துவிட்டது.

பாலத்துக் கட்டையை மறந்துவிடவில்லை. அதைப் பெண் பிள்ளைகள் தங்கள் பெயரில் எடுத்துச் செய்தார்கள். அங்கே ஒரு தெருவிளக்கு கேட்டு, கிராம சபையில் அவர்களில் ஒருத்தியின் அம்மா பேசினார். அதே நாளில் எட்டுப் பையன்களும், ட்யூஷன் விடும் நேரத்தில் அங்கே யாரும் வண்டி நிறுத்துவதில்லை என்று தங்கள் கூட்டாளிகளிடம் பேசி முடித்திருந்தார்கள். விளக்கு வர நாளானது. வண்டிகள் அடுத்த வாரமே நகர்ந்தன.

செய்யக் கூடாதவை சில

இரண்டு ஊருக்கும் கிரிக்கெட் மேட்ச் வைப்போம் என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். ஊருக்கு ஒரு அணி என்று வைத்தால், நீங்களே கைக்காசு போட்டுச் சண்டையை வாங்கிக் கொடுத்ததாக ஆகும். சீட்டுக் குலுக்கிக் கலந்த அணிகளாகப் பிரியுங்கள். அரசுப் பள்ளிகளில் 2024-ல் தொடங்கிய மகிழ் முற்றம் திட்டத்தில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுவாகப் பிள்ளைகளைப் பிரிப்பதும் இந்த மாதிரிக் கலப்புக்குத் தோதானதுதான். உங்கள் பள்ளியில் அது இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், புதிதாக எதையும் உருவாக்க வேண்டாம்.

உறுதிமொழி வாசிக்க வைக்காதீர்கள். பரிசுக் கோப்பை, சான்றிதழ், அமைச்சர் வருகை எதுவும் முதல் ஆண்டில் வேண்டாம். ரோஜர் ஹார்ட் 1992-ல் யுனிசெஃபுக்காக எழுதியபோது, பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாகக் காட்டினார். கீழே இருக்கும் மூன்று படிகளும் பங்கேற்பே இல்லை என்றார். பிள்ளைகளை ஆட்டிவைப்பது, அலங்காரமாக நிறுத்துவது, பேருக்கு ஒருவரை உட்கார வைப்பது ஆகியவைதான் அந்த மூன்று. நாம் நடத்தும் பெரும்பாலான ‘இளைஞர் அமைதி விழா’ அங்கேதான் நிற்கிறது.

ஒரு சண்டை மறுபடி நடந்துவிட்டால் குழுவைக் கலைக்காதீர்கள். எங்களுக்கு ஐந்தாவது மாதம் நடந்தது. குழுவில் இருந்த பையனே அடித்துவிட்டான். அவனை நீக்கச் சொல்லிப் பள்ளியில் அழுத்தம் வந்தது. மீதிப் பத்துப் பேரும் இருந்தால் இருக்கட்டும் என்றார்கள், ஆனால் அடிபட்ட பையன் சம்மதித்தால் மட்டும் என்றார்கள். அவன் மூன்று வாரம் கழித்துத்தான் சம்மதித்தான். அதுவரை இவன் ஷெட்டுக்கு வெளியே சைக்கிளில் உட்கார்ந்திருப்பான்.

எப்படித் தெரிந்துகொள்வது

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பசங்களே எழுதட்டும்: தேதி, இடம், என்ன நடந்தது, எந்தத் தாளில் நின்றது. பெயர் எழுத வேண்டாம். ‘வெள்ளிக்கிழமையிலேயே நின்னுச்சு’ என்ற வரி கூடிக்கொண்டே வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். ஊர்க் கொடை மாதங்கள், செப்டம்பர், அக்டோபர் மாதங்களின் குருபூசை, நினைவு நாள்கள் ஆகியவற்றை முன்கூட்டியே நோட்டில் குறித்து வைத்து, அதற்கு முந்தைய வாரம் கூடுதலாக ஒருமுறை கூடுங்கள். ஜூனில் தொடங்குவது நல்லது. ஆகஸ்டுக்குள் குழு நிலைபெற்றுவிடும்.

மார்ச்சில் பிளஸ் டூ பிள்ளைகள் போய்விடுவார்கள். அதனால் ஜனவரியிலேயே ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஐந்தாறு பேரைக் கூட்டிவந்து உட்கார வைத்துவிடுங்கள். நோட்டைக் கொடுக்கலாம். ஆனால் பழைய வரைபடத்தைக் காட்டாதீர்கள். சாக்பீஸையும் புளியங்கொட்டையையும் கையில் கொடுத்து முதலிலிருந்து போடச் சொல்லுங்கள். எங்கள் மூன்றாவது ஆண்டு வரைபடத்தில் பேருந்தில் விழுந்தது ஆறு கொட்டை. ட்யூஷன் சந்தில் பத்தொன்பது. அடுத்த சனிக்கிழமை அந்தச் சந்தில் போய் நின்றோம்.